ஆட்டத்தின் மற்றொரு பாதி
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் குறளின் பெருமையையும் கம்பன் கவிநயத்தையும் கற்றறிந்த பெருமக்கள் எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இந்த நாகபுரியில் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழித்து வரும் நமக்கு அத்தகைய பொருள்களைத் தொடும் தகுதி இல்லை. ‘விளையாட்டைப் பற்றி யாரேனும் பேசட்டும், மாலைதோறும் கூடைப்பந்து மைதானத்தின் ஓரத்தில் நிற்கின்றவர் நீங்கள்தாமே’ என்று செயலாளர் வற்புறுத்தினார். அவருடைய அன்புக்குக் கட்டுப்பட்டே இங்கு நிற்கின்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கல்லூரி ஆட்டக்காரரைப் பற்றியது. அவர் அமெரிக்கர். ஜலீல் ஒகாஃபோர் என்பது அவர் பெயர். அவருடைய வெற்றியைப் பற்றியன்று, வெற்றிக்குள் மறைந்திருந்த குறையைப் பற்றியே பேசப் போகின்றோம். கடல் கடந்த ஒருவரின் குறை நமக்கெதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அதே குறை நம் வீட்டுக்குள்ளும் இருந்தது. அதை வளர்த்தவரும் நாமே. அந்தக் கதையை இறுதியிற் சொல்லுகின்றோம்.

முதலில் ஆட்டத்தை அறியாதோர் பொருட்டு இரண்டொரு சொற்கள். கூடைப்பந்து 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் தோற்றுவிக்கப்பட்டது. பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, கால்பந்தொன்றைக் கொண்டு ஆடிய ஆட்டம் அது. அவர் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர். அந்த ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே ஆட்டம் நம் நாட்டிலும் பரவியது. 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதற்கு ஒரு பெரிய நாற்றங்காலாக விளங்கிற்று. ஆகவே, தமிழர்க்கு இவ்வாட்டம் முற்றிலும் அயலானதன்று.

ஒரு பக்கத்துக்கு ஐவர். பத்தடி உயரத்தில் வளையம். ஐவருள் மிக உயரமானவரைப் பெரும்பாலும் சென்டர் என்னும் இடத்தில் நிறுத்துவர். அவர் ஆட்சி செய்யும் இடம் கூடையடி. எதிரியின் கூடையடியில் நின்று பந்தை உள்ளே செலுத்துவது அவருடைய தொழிலில் ஒரு பாதி. தம்முடைய கூடையடியை எதிரிகள் நெருங்காமற் காப்பதும், குறி தவறி வளையத்தில் மோதித் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதும் மற்றொரு பாதி. இவ்வாறு திரும்பி வரும் பந்தையே ரீபவுண்டு என்கின்றனர். முதற் பாதிக்குக் கைதட்டல் உண்டு. மற்றப் பாதிக்குப் பெரும்பாலும் இல்லை.

ஒகாஃபோர் ஆறடி பதினோரங்குல உயரமுடையவர். சிகாகோ நகரில் பள்ளிப் படிப்பை முடித்து, 2014-இல் வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குப் பயிற்சியாளர் மைக் ஷெஷெவ்ஸ்கி. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அவரை அறியாதார் இல்லை. முதலாண்டு மாணவராகிய ஒகாஃபோர் அந்தப் பருவத்தில் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 17.3 புள்ளிகள் எடுத்தார். கூடையை நோக்கி அவர் எறிந்த நூறு பந்துகளில் அறுபத்தாறு உள்ளே விழுந்தன. அட்லாண்டிக் கடற்கரைக் கல்லூரிகளின் கூட்டமைப்பில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் பட்டத்தை முதலாண்டு மாணவர் ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை.

அவர் ஆடுவதைக் காண்பது ஓர் இன்பம். எலுமிச்சம்பழத்தைப் பிடிப்பதுபோல் பந்தை ஒரே கையிற் பிடித்துக்கொள்வார். கூடைக்கு முதுகு காட்டி நின்று, தோளால் ஒரு புறம் ஏய்த்து, மறுபுறம் சுழன்று, மெல்லப் பந்தை வைத்துவிட்டு வருவார். அவரை ஒருவரால் தடுக்கவியலாதென்று இருவர் ஓடிவந்தால், வெளியே தனித்து நிற்கும் தோழருக்குப் பந்தைத் தள்ளிவிடுவார். அத்தோழர் தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளி பெறுவார். அவ்வாண்டு டியூக் அணி 35 ஆட்டங்களில் வென்று நான்கில் மட்டுமே தோற்றது.

இனி மற்றப் பாதிக்கு வருவோம். அவர் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 8.5 ரீபவுண்டுகள் பிடித்தார் என்று கணக்கு கூறும். அது சிறிய எண்ணன்று. ஆனால், தொகையை மட்டும் பார்த்துத் திருப்தியடைகின்றவர் கணக்கறிந்தவரல்லர். எதிரியின் கூடையடியில், தம் அணியினர் தவறவிட்ட பந்தைப் பிடிப்பதில் அவர் வல்லவர். ஏனெனில், அங்கே பந்தைப் பிடித்தால் உடனே ஒரு கூடை போடலாம். தம் கூடையடியில், எதிரி தவறவிட்ட பந்தைப் பிடிக்கும் வேலையிலோ அத்துணை முனைப்பில்லை. அவ்வளவு உயரமும், அவ்வளவு பெரிய கையும் உடையவர் அந்த வேலையில் இன்னும் மேலோங்கி நின்றிருக்க வேண்டும் என்பதே ஆட்டத்தை அறிந்தோர் பலர் அந்நாளில் கூறிய குறை.

ரீபவுண்டு பிடிப்பதற்கு உயரம் போதும் என்று நம்மில் பலரும் நினைக்கின்றோம். அது தவறு. பந்து எறியப்பட்ட நொடியிலே, நல்ல சென்டர் பந்தைப் பார்ப்பதில்லை, எதிரியைப் பார்க்கின்றார். அவனைக் கண்டு, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, முதுகால் அவனைத் தடுத்து வெளியே நிறுத்துகின்றார். அதன் பின்னரே பந்தை அண்ணாந்து பார்க்கின்றார். இவ்வாறு இடம்பிடித்தவருக்குப் பந்து தானே வந்து சேரும். தமக்குக் கிட்டாவிடினும், தம் தோழருக்குக் கிட்டும். இடம்பிடியாமல் கூடையடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பவர், ஏழடி உயரமானவராயினும், ஓடிவந்து குதிக்கும் ஆறரை அடிக்காரனிடம் பந்தை இழக்கின்றார். எதிரிக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு.

காவல் தொழிலிலும் அவ்வாறே. இக்காலத்துக் கூடைப்பந்தில் எதிரிகள் ஒரு சூழ்ச்சி செய்வர். பந்தோடு ஓடிவரும் சிறிய ஆட்டக்காரனுக்கு வழிவிடும் பொருட்டு, அவர்களுடைய சென்டர் வெளியே வந்து ஒரு சுவர்போல் நிற்பான். நம் காவலன் அந்தச் சுவரில் மோதி நிற்க, பந்துக்காரன் பாய்ந்து வருவான். பிக் அண்ட் ரோல் என்பது இதன் பெயர். இப்போது நம் சென்டர் என்ன செய்யவேண்டும்? இரண்டடி முன்னே வந்து பந்துக்காரனைத் தடுத்து நிறுத்தி, அடுத்த நொடியிலே பின்வாங்கித் தம் ஆளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கையன்று, கால் வேண்டும். எப்போதும் மடங்கிய முழங்கால் வேண்டும். வாயும் வேண்டும், பின்னாலிருந்து ‘வலப்புறம் தடை’, ‘இடப்புறம் தடை’ என்று தோழர்க்குக் கூவிச் சொல்ல வேண்டும். ஒகாஃபோருடைய கால்கள் இந்த வேலைக்கு மெதுவாக நகர்ந்தன. முன்னே வந்தால் பின்னே செல்லக் காலதாமதம். பின்னேயே நின்றால் எதிரிக்கு முன்னே திறந்த வெளி.

இதற்கு அவரை மட்டும் பழிப்பது நீதியாகாது. கல்லூரி ஆட்டத்தில் ஐந்து ஃபவுல் செய்தவர் வெளியேற வேண்டும். அவ்வாண்டு ஜனவரி இறுதியில் ஒருவர் அணியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு, உதவித்தொகை பெற்ற ஆட்டக்காரர் எட்டுப் பேரே டியூக் அணியில் எஞ்சினர். அத்தகைய அணியின் தலையாய ஆட்டக்காரர் எதிரியின் எறியைத் தடுக்கக் கையை நீட்டி ஃபவுல் வாங்கிக்கொண்டு வெளியே அமர்ந்தால் அணியின் கதி என்ன? ஆகவே, கையைக் கட்டிக்கொண்டு களத்தில் நிற்பதே நலம் என்னும் எண்ணம் ஆட்டக்காரர்க்குத் தோன்றுதல் இயல்பு. இப்படித்தான் ஒரு குறை, வசதியினால் வழக்கமாகின்றது.

2015 ஜனவரியில் அந்தக் குறை வெளிப்பட்டது. 11-ஆம் நாள் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் டியூக்கை 87-75 என்று வென்றது. 13-ஆம் நாள், டியூக்கின் சொந்த மைதானத்திலேயே மயாமி அணி 90-74 என்று வென்றது. சொந்த மண்ணில் தொடர்ந்து 41 ஆட்டங்கள் வென்றிருந்த பெருமை அன்றோடு முடிந்தது. இரண்டு ஆட்டங்களில் 177 புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணியின் காவலில் ஓட்டை இருந்ததென்று கூறப் பெரும் புலமை வேண்டுவதில்லை.

அப்போது ஷெஷெவ்ஸ்கி ஒரு காரியம் செய்தார். ஆளுக்கு ஆள் காவல் என்பதே அவருடைய நெடுநாளைய கொள்கை. அதைச் சற்று விட்டுக்கொடுத்து, 17-ஆம் நாள் லூயிவில் அணிக்கெதிராக இடத்துக்கு இடம் காவல் என்னும் முறையைக் கையாண்டார். முன்னே இருவர், பின்னே மூவர். அவரவர் தத்தம் இடத்தைக் காத்தால் போதும். சென்டர் வெளியே ஓட வேண்டியதில்லை, கூடையடியிலேயே நிற்கலாம். டியூக் 63-52 என்று வென்றது. குறையுள்ள ஒருவரைத் தள்ளிவைக்காமல், குறை தெரியாத இடத்தில் அவரை நிறுத்தியது தலைவரின் மதியூகம். ஆயினும், மறைத்த குறை மறைந்த குறையாகாது. மார்ச்சு 13-ஆம் நாள் நோத்ர டாம் அணியோடு நடந்த ஆட்டத்தில் ஒகாஃபோர் 28 புள்ளிகள் எடுத்தார். டியூக் 74-64 என்று தோற்றது. ஒருவர் எடுத்த புள்ளி வேறு, அணியின் வெற்றி வேறு என்பதற்கு அந்த ஒரு மாலை போதும்.

இனி இறுதி ஆட்டம். 2015 ஏப்ரல் 6, இண்டியனாபொலிஸ் நகரம். எதிரணி விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அதற்கு இரண்டு நாள் முன்புதான், அந்த ஆண்டு முழுவதும் தோல்வியே காணாத கென்டக்கி அணியை அரையிறுதியில் வீழ்த்தி வந்திருந்தது. அதன் சென்டர் ஃபிராங்க் கமின்ஸ்கி, ஏழடி உயரம், நான்காமாண்டு மாணவர். கூடையடியிலும் ஆடுவார், வெளியே சென்று தொலைவிலிருந்தும் எறிவார். ஒகாஃபோருடைய கால்களைச் சோதிப்பதற்கென்றே பிறந்தவர்போன்ற ஆட்டக்காரர். அன்று கமின்ஸ்கி 21 புள்ளிகளும் 12 ரீபவுண்டுகளும் எடுத்தார். ஒகாஃபோர் எடுத்தவை 10 புள்ளிகளும் 3 ரீபவுண்டுகளும். இரண்டாம் பாதியில் விஸ்கான்சின் ஒன்பது புள்ளிகள் முன்னேறி நின்றது. ஒகாஃபோர் நான்கு ஃபவுல்களுடன் வெளியே அமர நேர்ந்தது.

அந்த வேளையில் டியூக்கைக் காத்தவர் யாவர்? கிரேசன் ஆலன் என்னும் மாணவர், பருவம் முழுவதும் பெரும்பாலும் பெஞ்சில் அமர்ந்திருந்தவர், எழுந்து வந்து 16 புள்ளிகள் எடுத்தார். டைஸ் ஜோன்ஸ் 23 புள்ளிகள் எடுத்தார். அமீல் ஜெஃபர்சன் என்பவர் ஒகாஃபோரினும் குள்ளமானவர்; ஏடுகளில் பெரிய எழுத்தில் வராத பெயர். அவர் கமின்ஸ்கியின் முன் முழங்காலை மடக்கி நின்றார். கடைசி மூன்று நிமிடச் சொச்சத்தில் ஒகாஃபோர் திரும்பி வந்து, கூடையடியில் இருமுறை பந்தைச் செலுத்தித் தம் கடனையும் தீர்த்தார். டியூக் 68-63 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றது.

வெற்றி விழாவில் குறைகளை யார் எண்ணுவர்? அவ்வாண்டு ஜூன் 25-ஆம் நாள் தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தபோது, மூன்றாவது ஆளாக ஒகாஃபோரை ஃபிலடெல்ஃபியா அணி எடுத்துக்கொண்டது. அதே இரவில், ஐம்பத்திரண்டாவது ஆளாக, நம் நாட்டுப் பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரிற் பிறந்த சத்னாம் சிங்கை டாலஸ் அணி எடுத்துக்கொண்டது. இந்தியாவிற் பிறந்த ஒருவர் அவ்வாறு தேர்வானது அதுவே முதன்முறை. நம்மவர்க்குப் பெருமை தந்த அந்த இரவு, ஒகாஃபோருக்குப் பொற்காலத்தின் தொடக்கம்போல் தோன்றியது.

முதற்பருவத்தில் அவர் 17.5 புள்ளிகள் எடுத்தார். புதியவருள் சிறந்த ஐவரில் ஒருவர் எனப்பட்டார். அவருடைய அணியோ 82 ஆட்டங்களில் 72-இல் தோற்றது. அந்த அணி மிகவும் வலுவற்றது. தோல்விக்கு அவர் ஒருவரே காரணரல்லர். ஆனால், கல்லூரியில் அவரைச் சூழ்ந்திருந்த திரைகள் அங்கே இல்லை. எதிரிகள் ஒவ்வோர் இரவும் அவரை வெளியே இழுத்து, அவர் காலைச் சோதித்தனர். அடுத்த பருவத்தில் அவருடைய ரீபவுண்டு சராசரி 7.0-இலிருந்து 4.8 ஆகத் தாழ்ந்தது. 2017-இல் புலாலும் பாலும் தவிர்த்து உடலை இளைக்கச் செய்து பாடுபட்டார். எனினும், அவ்வாண்டு டிசம்பரில் அணி அவரை வேறோர் அணிக்கு மாற்றிவிட்டது. பின்னர் அணி மாறி அணி சென்றார். கூடை போடும் திறமை அவரை விட்டு நீங்கவில்லை. மற்றப் பாதிதான் அவரை நிலைக்கவிடவில்லை.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் நினைவுகூர்வோம். பில் ரஸ்ஸல் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் சென்டராக 1955, 1956 ஆகிய இரண்டாண்டுகளும் கல்லூரித் தேசியப் பட்டம் பெற்றுத் தந்தார். அவர் இருந்த காலத்தில் அவ்வணி தொடர்ந்து 55 ஆட்டங்கள் வென்றது. பின்னர் பாஸ்டன் அணியில் பதின்மூன்று பருவங்கள் ஆடிப் பதினொரு பட்டங்கள் பெற்றார். ஒகாஃபோரினும் உயரத்தில் சற்றுக் குறைந்தவர். ஆயினும், தொழில்முறைப் பருவ ஆட்டங்களில் அவர் பிடித்த ரீபவுண்டுகள் 21,620. எதிரி எறிந்த பந்தைத் தடுக்கும்போதும், பார்ப்போர் வியக்கும்படி அதைக் கூட்டத்துக்குள் அறைந்துவிட மாட்டார். மெல்லத் தட்டித் தம் தோழர் கையில் விழச் செய்வார். வியப்பு ஊராருக்கு, பந்து அணிக்கு. இரண்டில் எது பெரிது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அன்பர்களே, இனி வீட்டுக் கதைக்கு வருகின்றோம்.

நம் மூத்த மகன் கல்லூரியிற் படிக்கின்றான். ஆறடி நான்கங்குலம். பத்தாம் வகுப்பிலிருந்தே சென்டராக ஆடுகின்றான். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நாம் அவனிடம் கேட்கும் முதற்கேள்வி, ‘இன்று எத்தனை புள்ளி?’ என்பதே. இருபதென்றால் அன்று அவன் தாயார் கேசரி கிளறுவார். பத்தென்றால் நம் முகம் வாடும். வேறு எதையும் நாம் கேட்டதில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன்னர், விளையாட்டு வீரர்க்கான வேலைவாய்ப்புத் தேர்வொன்று நடைபெற்றது. நம்மைப் போன்ற குடும்பத்தில் நிலையான வேலை என்பது எவ்வளவு பெரிய சொல் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. தேர்வாட்டத்தில் மகன் 24 புள்ளிகள் எடுத்தான். அவன் பக்கத்தில் அதுவே மிகுதி. பட்டியல் வந்தபோது அவன் பெயர் இல்லை. 8 புள்ளி எடுத்த பையன் பெயர் இருந்தது. நம் உள்ளம் கொதித்தது. மொழி வேற்றுமை என்றோம். வேண்டியவன் வேண்டாதவன் என்றோம். ஓரிரவு முழுவதும் விழித்திருந்து மேலிடத்துக்கு மூன்று பக்க மனு ஒன்று எழுதினோம்.

மனுவோடு இணைக்க ஆட்டக்கணக்கின் நகல் வேண்டி, மகனுடைய பயிற்சியாளரிடம் சென்றோம். அவர் மராட்டியர்; நம்மை ‘அண்ணா’ என்றே அழைப்பார். அவர் அந்த ஆட்டத்தை அரங்கிலிருந்து பார்த்தவர். ஒன்றும் பேசாமல் தம் குறிப்பேட்டை நம் முன் வைத்தார். ‘அண்ணா, நீங்கள் கணக்கு எழுதும் மனிதர். இந்தப் பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள்’ என்றார்.

கூட்டிப் பார்த்தோம். நம் மகன் காக்கவேண்டிய ஆள் எடுத்தவை 27 புள்ளிகள். நம் கூடையடியில் மோதித் திரும்பிய பந்துகளில் எட்டு, மகன் அண்ணாந்து நிற்க, எதிரிகள் கையிற் சேர்ந்தன. 8 புள்ளி எடுத்த பையனோ, பதினைந்து பந்துகளைப் பிடித்திருந்தான். அவன் காத்த ஆள் எடுத்தவை 6 புள்ளிகளே.

இருபது ஆண்டுகளாக நாள்தோறும் வரவுப் பக்கத்தையும் பற்றுப் பக்கத்தையும் நேர்பார்த்து, ஒரு ரூபாய் வேறுபட்டாலும் இரவு வரை அமர்ந்து தேடும் தொழில் நம்முடையது. வரவை மட்டும் எழுதிக் கையெழுத்திடும் எழுத்தரை ஒரு நாளும் அலுவலகத்தில் வைத்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாம், பெற்ற மகன் திறத்தில் பத்தாண்டுகளாக ஒற்றைப் பக்கக் கணக்கையே எழுதி வந்திருக்கின்றோம். அவன் காவலைக் கற்கவில்லை என்றால், கற்கத் தக்கது என்று அவனுக்கு யார் சொன்னார்? கேசரி புள்ளிக்குத்தானே கிடைத்தது?

பயிற்சியாளர்தாம் ஒகாஃபோருடைய ஆட்டங்களைக் காணும்படி கூறினார். ‘பிள்ளையைத் திட்டாதீர்கள். அவனைப்போலவே குறையுடைய ஒரு பெரிய வீரரைக் காட்டுங்கள்’ என்றார். பதிவு செய்யப்பட்ட அந்த ஆட்டங்களை நாமும் மகனும் இரவுதோறும் ஒரே கைப்பேசியில் தலை சேர்த்துப் பார்த்தோம். முதல் நாள் அவன் ஒகாஃபோர் போடும் கூடைகளையே பார்த்தான். மூன்றாம் நாள் இறுதி ஆட்டத்தின் நடுவே கையை நீட்டி நிறுத்தி, ‘அப்பா, பந்தை எறிந்தவுடன் அவர் யாரையும் தடுக்கவில்லை, பார்த்தீர்களா? நானும் இப்படித்தான் நிற்கிறேன்’ என்றான். பிறர் சொல்லி அறியும் குறையைவிடத் தானே கண்டறியும் குறைதான் திருந்தும்.

அதன் பின் அவன் நாளும் காலை ஐந்து மணிக்கு எழுந்து மைதானத்துக்குச் செல்கின்றான். பந்தின்றி, முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் நகரும் பயிற்சி அது. பார்க்க அழகில்லாதது. கைதட்டுவோர் இல்லை. நாமும் உடன் சென்று ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமர்கின்றோம். அதில் இப்போது மூன்று பத்தி: எடுத்த புள்ளி, பிடித்த பந்து, விட்டுக்கொடுத்த புள்ளி.

சென்ற மாதம் கல்லூரிகளுக்கிடையே நடந்த ஆட்டத்தில் அவன் எடுத்தவை 9 புள்ளிகள்தாம். பிடித்தவை 14. அவன் காத்த ஆள் எடுத்தவை 7. ஆட்டத்தில் அவர்கள் இரண்டு புள்ளி வேறுபாட்டில் தோற்றார்கள். அதையும் மறைக்காமற் சொல்லிவிடுகின்றோம். வீட்டுக்கு வரும் வழியில் அவன், ‘அப்பா, மூன்றாம் பத்தியைப் படியுங்கள்’ என்றான். படித்தோம். தலையசைத்துவிட்டு நடந்தான். அன்று அவன் தாயார் கேசரி கிளறினார்.

அடுத்த தேர்வு வரவிருக்கின்றது. முடிவு எப்படியாகுமோ, நாமறியோம். நாம் எழுதிய மனு இன்றும் மேசை இழுப்பறையிலேயே கிடக்கின்றது. கிழித்தெறிய மனம் வரவில்லை. நம் பிழையை நமக்கு நினைவூட்ட அஃது இருக்கட்டும் என்று வைத்திருக்கின்றோம்.

ஒகாஃபோரை இகழ்வது நம் நோக்கமன்று என்பதை மீண்டும் கூறுகின்றோம். பத்தொன்பது வயதில் தேசியப் பட்டம் பெற்ற வீரர் அவர். அவர் எய்திய உயரத்தில் நூற்றில் ஒரு பங்கு நம் பிள்ளைகள் எய்தினாலும் நாம் மகிழ்வோம். ஆயினும், அவருடைய கதை பெற்றோராகிய நமக்கு ஒன்றைச் சொல்லுகின்றது. பிள்ளை எதைச் செய்தால் நாம் கைதட்டுகின்றோமோ, அதையே அவன் வளர்த்துக்கொள்வான். அணியிலுள்ள மற்றவர் அவன் குறையைச் சில காலம் சுமப்பர். அது நட்பின் இலக்கணம். ஆனால், சுமப்பவர் இல்லாத களம் ஒன்று ஒருநாள் வந்தே தீரும்.

இந்த விழாவையே பாருங்கள். மேடையிற் பாடியவர்க்கும் ஆடியவர்க்கும் நாம் கைதட்டினோம், அது முறையே. இன்று விடியற்காலையிலிருந்து நாற்காலிகளைச் சுமந்து அடுக்கிய இளைஞர்களும், அடுப்படியில் நின்று இருநூறு பேருக்குச் சமைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களும் மேடையேறவில்லை. அவர்களே நம் சங்கத்தின் ரீபவுண்டுகளைப் பிடிக்கின்றவர்கள். அவர்களுக்காக ஒருமுறை கைதட்டும்படி வேண்டிக்கொண்டு அமர்கின்றோம்.